இன்றிரவு என்ன சமையல்?

ஆர்க்காடு என்னும் பெயரைக் கேட்டவுடன், வரலாறு பயிலும் மாணவர்க்கு 1751ஆம் ஆண்டின் கோட்டை முற்றுகை நினைவுக்கு வரும். இராபர்ட் கிளைவ் ஒரு சிறு படையுடன் அக்கோட்டைக்குள் ஏறத்தாழ ஐம்பது நாட்கள் முற்றுகையைத் தாங்கி நின்றார். அம்முற்றுகையைப் பற்றி ஒரு செய்தி சொல்லப்படுவதுண்டு. கோட்டைக்குள் உணவு குறைந்தபோது இந்தியச் சிப்பாய்கள் கிளைவிடம் சென்று, “சோற்றை ஐரோப்பிய வீரர்களுக்குக் கொடுங்கள், வடித்த கஞ்சி எங்களுக்குப் போதும்” என்றனராம். மெக்காலே 1840இல் எழுதிய கட்டுரையால் இச்செய்தி உலகெங்கும் பரவிற்று. இது மெய்யாகவே நிகழ்ந்ததுதானா என்று பிற்கால அறிஞர் ஐயுறுகின்றனர். அந்த ஆராய்ச்சியை அவர்களுக்கே விட்டுவிடுவோம். முற்றுகைக் கோட்டையில் ஒரு நாள் இரவு யாருக்குச் சோறு, யாருக்குக் கஞ்சி என்னும் கேள்வி எழுந்தது என்பதை மட்டும் நாம் எடுத்துக்கொள்வோம். அக்கேள்வி கோட்டைக்கு வெளியே, ஊர்தோறும், வீடுதோறும், நாள்தோறும் எழுந்துகொண்டிருந்த கேள்வியேயாகும். அதனைப் பற்றி வரலாற்று நூல்கள் மிகுதியாகப் பேசுவதில்லை.

அன்புள்ள மாணவ மாணவியரே! விளக்கேற்றும் நேரத்தில் உங்கள் இல்லங்களில் அன்றாடம் கேட்கும் கேள்விதான் இது: “இன்றிரவு என்ன சமைக்கலாம்?” மிகச் சிறிய கேள்வி போலத் தோன்றுகிறது. ஆனால் இக்கேள்வியைக் கேட்கும் உரிமை நம்மவரில் பெரும்பாலோர்க்கு அண்மைக் காலத்தில்தான் வாய்த்தது. அது எவ்வாறு வாய்த்தது என்பதையே, நான் பிறந்து வளர்ந்த நெமிலிப் பகுதியைச் சான்றாகக் கொண்டு சொல்ல விரும்புகிறேன்.

நெமிலி கொசத்தலையாற்றங்கரையில் உள்ள ஊர். முன்பு வட ஆர்க்காடு மாவட்டத்திலும், பின்பு வேலூர் மாவட்டத்திலும் இருந்து, 2019ஆம் ஆண்டு முதல் இராணிப்பேட்டை மாவட்டத்தைச் சேர்ந்திருக்கிறது. ஆறு என்று சொன்னாலும் ஆண்டு முழுதும் நீரோடும் காவிரியைப் போல எண்ணிவிடக் கூடாது. பாலாறும் கொசத்தலையாறும் மழைக்காலத்தில் மட்டுமே பெருகுவன; மற்றைய மாதங்களில் மணல்வெளிகள். ஆகவே இப்பகுதி மக்கள் ஏரிகளையே நம்பி வாழ்ந்தனர். அண்மையிலுள்ள காவேரிப்பாக்கம் ஏரி பல்லவர் காலத்தது. தமிழ்நாட்டின் மிகப் பெரிய ஏரிகளுள் ஒன்று. வாலாஜாப்பேட்டைக்கு அருகே பாலாற்றின் குறுக்கே 1858இல் கட்டப்பட்ட அணைக்கட்டு, வெள்ள நீரை அந்த ஏரிக்குத் திருப்பிவிடுகிறது. ஏரி நிறைந்தால் கீழ்வயல்களில் நெல் விளையும். நிறையாவிட்டால் மேட்டு நிலத்துக் கேழ்வரகும் கம்பும் சோளமுமே துணை.

எனவே அடுப்பில் என்ன ஏறவேண்டும் என்பதை முதலில் தீர்மானித்தது ஏரி. நெல் விளைவித்தவர் எல்லாரும் நெற்சோறு உண்டனர் என்று எண்ணுவதும் தவறு. நெல் வரியாயிற்று, குத்தகையாயிற்று, கடனுக்கு ஈடாயிற்று. உழைப்பவர் வீட்டில் நாள்தோறும் வெந்தது கேழ்வரகே. மாலையில் களி, காலையில் கூழ். பொங்கல், தீபாவளி, திருமணம், விருந்தினர் வருகை ஆகிய நாட்களில் சோறு. ஆம்பூர் என்றால் இன்று பிரியாணியை நினைக்கிறோம். ஆர்க்காட்டு நவாபுகளின் அடுக்களையோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் அவ்வுணவு விருந்தின் வரலாற்றைச் சேர்ந்தது. நாம் பேசுவது விருந்தில்லாத நாளைப் பற்றி.

கேழ்வரகு நம் மண்ணின் பயிர் என்று நினைக்கிறோம். அதன் தாயகம் கிழக்கு ஆப்பிரிக்காவின் மேட்டு நிலங்கள். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து இந்தியாவுக்கு வந்து, குறைந்த மழையில் விளைந்து, பூச்சி அரிக்காமல் நெடுங்காலம் சேமித்து வைக்கத்தக்க தானியமாக வேரூன்றியது. கூழுடன் கடித்துக்கொள்ளும் மிளகாயோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் வந்தது. அதற்கு முன் காரத்துக்கு மிளகே இருந்தது. ஏழைக் குடிசையின் மண்கலயத்தில் மூன்று கண்டங்கள் கூடியிருந்தன என்று கூறுவது மிகையன்று.

கூலி வேலை செய்த குடும்பங்களில் உலை ஏறும் நேரமே மாலைதான். பகலெல்லாம் நடவிலோ களையெடுப்பிலோ உழைத்த பெண், கூலியாகத் தானியத்தை முந்தானையில் வாங்கி வருவாள். அதை உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, அல்லது எந்திரக்கல்லில் அரைத்த பின்னரே அடுப்பு மூட்ட முடியும். குழம்புக்கு வயல் வரப்பில் பறித்த கீரை. ஏரியில் மீன் கிடைத்த நாள் மீன். ஒன்றும் இல்லாத நாள் உப்பும் மிளகாயும் புளியும் வைத்து அரைத்த துவையல். அந்த ஒரு வேளைச் சமையலின் மிச்சத்தில் நீரூற்றி வைத்தால்தான் மறுநாள் காலை உணவு. ஆகவே ஒரு மாலையின் உலை மறுநாள் நண்பகல் வரை ஒரு குடும்பத்தைத் தாங்கியது. கூலி இல்லாத நாளில் உலையும் இல்லை.

என் பாட்டியார் காலத்தில், அந்தி வேளையில் தெருவில் எதிர்ப்படும் பெண்கள் ஒருவரையொருவர் “உலை வெச்சாச்சா?” என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். “என்ன சமையல்?” என்று கேட்கும் வழக்கம் அன்று எங்கள் தெருவில் இல்லை. பிள்ளைப் பருவத்தில் இதை நான் வெறும் நலம் விசாரிப்பு என்றே எண்ணினேன். வரலாறு படித்த பிறகே அதன் பொருள் விளங்கிற்று. உலை வைப்பது உறுதியில்லாத காலத்தில் பிறந்த கேள்வி அது.

எத்துணை உறுதியற்ற காலம் என்பதை அறிய 1876ஆம் ஆண்டுக்குச் செல்லவேண்டும். அவ்வாண்டு பருவமழை பொய்த்தது. மறு ஆண்டும் துயர் தீரவில்லை. தாது வருடப் பஞ்சம் என்று நாட்டு மக்கள் வழங்கிய அப்பெரும் பஞ்சத்தில், தென்னிந்தியாவில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்று மதிப்பிடப்படுகிறது. வட ஆர்க்காடும் அதில் பெரிதும் நலிந்த மாவட்டங்களுள் ஒன்று. இங்கு ஒரு செய்தியைக் கவனிக்கவேண்டும். இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் பாதை 1856ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் திறக்கப்பட்டுவிட்டது. நெமிலிக்கு அண்மையிலுள்ள அரக்கோணம் வழியாகவே அப்பாதை சென்றது. ஆகவே பஞ்ச காலத்தில் தானிய மூட்டைகள் இரயிலில் வந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் அவற்றை வாங்கக் கூலியாளிடம் காசில்லை. மழை இல்லையேல் உழவில்லை. உழவில்லையேல் கூலி இல்லை. கூலி இல்லையேல் விலை கொடுக்க வழியில்லை. பஞ்சம் என்பது தானியம் இல்லாமையால் மட்டும் வருவதன்று, அதனைப் பெறும் ஆற்றலை மக்கள் இழப்பதாலும் வருவது என்று பேராசிரியர் அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவினார். எங்கள் பகுதியில் தண்டவாளத்தின் அருகிலேயே மக்கள் பட்டினி கிடந்த கதை அக்கருத்துக்கு ஒரு சான்று.

அப்பஞ்சத்தின்போது செலவைக் கட்டுப்படுத்த அனுப்பப்பட்டவர் சர் ரிச்சர்டு டெம்பிள். நிவாரண வேலை செய்யும் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது ஏறத்தாழ 450 கிராம், அதனுடன் ஒரு சிறு காசு போதும் என்று 1877இல் அவர் விதித்தார். உழைக்கும் உடலுக்கு இது போதாது என்று சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் கடுமையாக எதிர்த்து எழுதினார். ஓர் ஏழையின் இரவு உணவு எத்தனை அவுன்ஸ் இருக்கவேண்டும் என்பதைப் பற்றி இரு அதிகாரிகள் நடத்திய விவாதம் இன்றும் ஆவணங்களில் இருக்கிறது. அவ்வுணவை உண்டவரின் சொல் ஒன்றும் அங்கே இடம்பெறவில்லை. 1880ஆம் ஆண்டின் பஞ்ச ஆணைக்குழுவும், அதன்பின் எழுந்த பஞ்ச விதித்தொகுப்புகளும் இத்துயரின் விளைவுகளே. மக்களைப் பட்டினியிலிருந்து காப்பது அரசின் கடமை என்னும் எண்ணம் அரைமனதோடேனும் ஏட்டில் ஏறிற்று.

அடுத்த பெரிய மாறுதல் இரண்டாம் உலகப் போரில் வந்தது. சென்னை மாகாணம் பர்மா அரிசியையும் நம்பியிருந்தது. 1942ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஜப்பானியர் இரங்கூனைக் கைப்பற்றியதும் அந்த வரத்து நின்றது. 1943இல் வங்காளத்தில் இலட்சக்கணக்கானோர் பஞ்சத்தில் மடிந்தனர். அதே ஆண்டில் சென்னையில் உணவுப் பங்கீடு தொடங்கிற்று. இனி மாலை உலையைத் தீர்மானிக்கும் பொறுப்பில் பங்கீட்டு அட்டையும் பங்கு பெற்றது. அவுன்ஸ் கணக்கில் அரிசி, போதாததற்குக் கோதுமை. கோதுமையை என்ன செய்வது என்று அறியாமல் விழித்த தமிழ்நாட்டு அடுக்களைகள் மெல்ல மெல்ல ரவை உப்புமாவுக்கும் சப்பாத்திக்கும் பழகின. இன்று நாம் விரும்பிக் கேட்கும் சப்பாத்தி, நம்மில் பல குடும்பங்களுக்கு அரிசித் தட்டுப்பாட்டின் வழியாக அறிமுகமான பண்டம். நாடு விடுதலை பெற்ற பின்னும் கட்டுப்பாடுகள் நீடித்தன. இராஜாஜி சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக இருந்தபோது, 1952ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார்.

ஆயினும் தட்டுப்பாடு நீங்கிவிடவில்லை. 1965ஆம் ஆண்டில் நேர்ந்த ஒன்று, மாலைச் சமையலின் வரலாற்றிலேயே தனியிடம் பெறத்தக்கது. பாகிஸ்தானுடன் போர், மழைக் குறைவு, அமெரிக்கக் கோதுமைக் கப்பல்களை எதிர்நோக்கும் நிலை. அப்போது தலைமை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி, வாரத்தில் ஒரு வேளை உணவைத் துறக்குமாறு நாட்டு மக்களை வேண்டினார். திங்கட்கிழமை இரவு உணவே அதற்குரியதாயிற்று. அவ்விரவில் உணவு விடுதிகள் பல மூடிக் கிடந்தன. ஆணையிடாமல் வேண்டுகோள் விடுத்த அத்தலைவரின் பெருந்தன்மையையும், அதனை ஏற்ற மக்களின் பண்பையும் போற்றத்தான் வேண்டும். எனினும் வரலாற்று மாணவர் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கவேண்டும். ஒரு வேளையைத் துறப்பதற்குப் பல வேளை உண்பவராக இருத்தல் வேண்டும். மாலையில் ஒரே முறை உலை வைத்த கூலிக் குடும்பம் எதைத் துறப்பது? அவர்கள் வேண்டுகோள் வருமுன்பே, திங்கள் செவ்வாய் என்று நாள் பாராமல் விரதம் இருந்தவர்கள்.

1964–65இல் சுமார் 8 கோடியே 90 இலட்சம் டன்னாக இருந்த இந்தியாவின் உணவுதானிய விளைச்சல், 1965–66இல் சுமார் 7 கோடியே 20 இலட்சம் டன்னாக வீழ்ந்தது. 1966இல் ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியம் வெளிநாடுகளிலிருந்து வந்தது. இந்நிலையை மாற்ற முனைந்த உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம் தமிழ்நாட்டவர் என்பது நமக்குப் பெருமை தருவது. மெக்சிகோவிலிருந்து புதிய கோதுமை விதைகளை 1966இல் பெருமளவில் வரவழைத்தார். அதே ஆண்டு நவம்பரில் பிலிப்பைன்சிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர்.8 என்னும் நெல்லை வெளியிட்டது. இந்தோனேசியாவின் பீட்டா என்ற நெடுநெல்லையும் தைவானின் குட்டை நெல் ஒன்றையும் கலந்து உருவாக்கப்பட்ட அந்நெல், உரமிட்டாலும் சாயாமல் மிகுந்த மணிகளைத் தாங்கி நின்றது. மின்சார இறைப்புப் பொறியும் கிணறும் சேர்ந்தபோது, ஏரி நிறையாத ஆண்டிலும் நெல் விளைவிக்கும் வழி பிறந்தது.

நம் வட ஆர்க்காடு மாவட்டமே இம்மாறுதலின் உரைகல்லாக அமைந்தது. 1970களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் அறிஞரும் சென்னை அறிஞரும் கூடி இம்மாவட்டத்துச் சிற்றூர்களை ஆய்ந்தனர். பத்தாண்டு கழித்து மீண்டும் நிகழ்ந்த ஆய்வை வைத்து ஹேசல், இராமசாமி ஆகிய இருவரும் 1991இல் ஒரு நூல் வெளியிட்டனர். புதிய நெல்லின் நன்மை பெருநிலக்கிழாரோடு நிற்கவில்லை. சிறு உழவர், நிலமற்ற உழைப்பாளர் ஆகியோரின் வருவாயும் உணவும்கூட உயர்ந்தன என்பது அவர்கள் கண்ட முடிவு.

அறிவியல் நெல்லைத் தந்தது. அதனை ஏழை வீட்டு உலைக்குக் கொண்டுசேர்த்தது அரசியல். 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் அரிசியே முதன்மையான பேச்சு. அறிஞர் அண்ணாவின் அரசு அவ்வாண்டில் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்னும் திட்டத்தைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கிற்று. நிதிச்சுமையால் அது நெடுநாள் நிலைக்கவில்லை. ஆனால் அதன் எண்ணம் நிலைத்தது. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தோன்றிற்று. 1956இல் காமராசர் பள்ளிகளில் விரிவாக்கிய மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவுத் திட்டமாக வளர்ந்தது. 2008இல் அரிசி கிலோ ஒரு ரூபாய். 2011ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் விலையில்லா அரிசி. ஓட்டுக்காகச் செய்தவை என்று இவற்றை எளிதாகத் தள்ளிவிடுவோர் உண்டு. டெம்பிளின் ஒரு பவுண்டை நினைவில் வைத்துள்ளவர் அவ்வாறு பேசமாட்டார். தன் உணவைப் பற்றிய விவாதத்தில் ஒரு சொல்லும் சொல்ல இயலாதிருந்த ஏழை, ஓட்டுரிமை பெற்ற பின் தன் சொல்லைச் சொன்னான் என்பதே இதன் பொருள்.

இவ்வாறு ஏரியும் கூலியும் அட்டையும் தீர்மானித்துவந்த ஒன்று, மெல்ல மெல்ல வீட்டாரின் விருப்பத்துக்கு வந்தது. உலை வைப்பது உறுதியான பின்புதான் “என்ன சமைக்கலாம்?” என்னும் கேள்வி பிறக்க முடிந்தது. ஆனால் இந்த வெற்றியின் கணக்கில் இழப்புகளும் எழுதப்படவேண்டும்.

முதல் இழப்பு கேழ்வரகு. அரிசி மலிந்ததும் களியும் கூழும் ஏழ்மையின் அடையாளமாகக் கருதப்பட்டு அடுக்களையிலிருந்து நீங்கின. ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயில்களில் கூழ் வார்க்கும் வழக்கம் மட்டும், பழைய அன்றாட உணவை ஆண்டுக்கொரு நாள் நமக்கு நினைவூட்டுகிறது. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியிலோ அதில் சிறு பங்குகூட இல்லை. ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. தமிழ்நாட்டில் நீலகிரியிலும் தருமபுரியிலும் அவ்வாண்டில் நியாயவிலைக் கடைகளிலேயே கேழ்வரகு வழங்கத் தொடங்கினர். பாட்டியர் வெட்கத்தோடு மறைத்த உணவைப் பேரர் விலை கொடுத்துத் தேடுகின்றனர்.

இரண்டாம் இழப்பு நீர். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி வளர்ந்த தோல் பதனிடும் தொழில், பல்லாயிரம் வீடுகளில் உலை ஏற்றியது. அதன் கழிவு வேறு பல வீடுகளின் கிணற்றையும் வயலையும் கெடுத்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் தீர்ப்பளித்தது. இவ்வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ ஓரளவோ பயிரிடத் தகாததாகிவிட்டது என்னும் ஆய்வுச் செய்தி அத்தீர்ப்பில் இடம்பெற்றுள்ளது. மாசு செய்தவரே அதனைச் சீர்செய்யும் செலவை ஏற்கவேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்திய தீர்ப்புகளுள் இதுவும் ஒன்று. கூலி தரும் தொழிலும் நெல் தரும் நிலமும் ஒன்றையொன்று அழிக்காமல் வாழ்வது எப்படி என்னும் வினாவுக்கு முழு விடை காணும் பொறுப்பு உங்கள் தலைமுறையினுடையது.

மூன்றாவது, இழப்பு என்பதைவிடத் தீராத கடன் எனலாம். என்ன சமைப்பது என்று தீர்மானிக்கும் உரிமை வீட்டுக்கு வந்தது. ஆனால் அதன் சுமை வீட்டில் ஒருவர் தோளிலேயே விழுந்தது. இன்று காலணித் தொழிற்சாலைகளில் பெரும்பான்மையாக வேலை செய்பவர் பெண்களே. நாள் முழுதும் பொறியின் முன் அமர்ந்து தைத்துவிட்டு, மாலையில் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறும்போதே அவர்கள் மனம் அடுக்களையில் நுழைந்துவிடுகிறது. வீட்டில் என்ன காய் இருக்கிறது, பிள்ளைக்குப் பிடித்தது எது, மாமியாருக்கு ஒத்துக்கொள்வது எது, சம்பள நாளுக்கு இன்னும் எத்தனை நாள் என்றெல்லாம் எண்ணி முடிவெடுப்பதும் உழைப்பே. அந்த எண்ணத்தின் உழைப்பைக் கணக்கிடுவார் இல்லை. கையால் செய்யும் வேலையையாவது கணக்கிட்டிருக்கிறார்கள். 2019ஆம் ஆண்டில் நாடு முழுதும் நடந்த காலப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றில் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகின்றனர். அவ்வேலைகளில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். அத்தகைய ஆண்களோ நூற்றுக்கு ஏறத்தாழ 26 பேர்தாம்.

மாணவர்களே! “இன்றிரவு என்ன சமைக்கலாம்?” என்று உங்கள் தாயார் கேட்கும்போது, “ஏதாவது செய்யுங்கள்” என்று புத்தகத்திலிருந்து தலை நிமிராமல் விடை கூறுவது நம் வழக்கம். பல தலைமுறைகள் கேட்கக் கொடுத்து வைக்காத கேள்வி அது. அதற்கு ஒரு விடை சொல்லுங்கள். சொன்னதோடு நில்லாமல் அரிவாள்மனையையோ அடுப்பையோ அணுகுங்கள். ஆண்பிள்ளைகளுக்கு இதனை அழுத்தியே சொல்கிறேன்.

உங்களிடம் இன்னும் ஒன்று வேண்டுகிறேன். உங்கள் வீட்டில் முதியவர் எவரேனும் இருந்தால், அவர்கள் இளமையில் மாலை வேளையில் உலையில் என்ன ஏறிற்று, அந்தத் தானியம் எங்கிருந்து வந்தது, யார் குத்தினார்கள், யார் கடைசியாக உண்டார்கள் என்று கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். ஆர்க்காட்டு முற்றுகையை எழுத மெக்காலே இருந்தார். நெமிலியின் மாலைகளை எழுத நம்மை விட்டால் வேறொருவர் இல்லை. அந்நினைவுகளைச் சுமந்திருப்போர் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகின்றனர்.